உறைந்த குளத்தில் ஒரு ஹாக்கி

நம் சவ்வாது மலையில் மார்கழிக் குளிர் எவ்வளவு கடித்தாலும் குளத்துத் தண்ணீர் உறைவதில்லை. இம்மலையிலுள்ள காவலூர் வானோக்கு நிலையத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு லடாக்கின் ஹான்லேயிலும் ஒரு நிலையம் உண்டு. அந்த லடாக்கில் குளம் உறைந்தால் அதுவே ஐஸ் ஹாக்கி மைதானம்! பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு, காலில் சறுக்குக் காலணி.

இயற்கைப் பனிக்கட்டி நிலைப்பது சில வாரங்கள்தான். அதை நம்பியே பழகி வளர்ந்த லடாக், ஸ்பிதி பெண்கள் நிறைந்த இந்திய அணி, 2025 ஜூனில் அமீரகத்தின் அல் ஐன் நகரில் மகளிர் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. கேட்டபோது மனம் துள்ளியது!

இந்த விளையாட்டின் பெரும்பரிசு, வட அமெரிக்காவின் ஸ்டான்லி கோப்பை. 1893 முதல் வழங்கப்படுகிறது. இன்று அதை வெல்ல நான்கு சுற்றுகள்; ஒவ்வொன்றிலும் ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்ல வேண்டும். மோதி, விழுந்து, காயம்பட்டு ஆடியவர்கள், சுற்று முடிந்ததும் வரிசையில் நின்று எதிரணியினர் ஒவ்வொருவரிடமும் கைகுலுக்குவார்கள். எனக்கு மிகப் பிடித்த காட்சி அது. வென்ற அணியின் ஒவ்வொரு வீரரும் அந்தக் கோப்பையை ஒரு நாள் சொந்த ஊருக்கே கொண்டு போகலாம்.