மகப்பேற்றுக்குப் பின் அருந்தும் பானங்கள்

மகப்பேற்றுக்குப் பின் அருந்தும் பானங்கள் என்பவை, குழந்தை பெற்ற பெண்ணின் உடல் தேறவும், பாலூட்டும் காலத்து நீரிழப்பை ஈடுகட்டவும் கொடுக்கப்படும் வெந்நீர், கஞ்சி, பால், கசாயம் முதலியவை ஆகும். தமிழ்நாட்டிலும் இலங்கைத் தமிழரிடையேயும் இவை பத்திய உணவின் ஒரு பகுதியாகும்.

நீர்த்தேவை

இயல்பான பேற்றில் 500 மில்லிலிட்டர் வரை குருதி வெளியேறலாம். கருக்காலத்தில் உடலில் சேர்ந்த நீரும் அடுத்த சில நாட்களில் சிறுநீராகவும் வியர்வையாகவும் கழிகிறது. தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீரே. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாலூட்டும் பெண்ணுக்கு, உணவிலுள்ள நீரையும் சேர்த்து, நாளொன்றுக்கு 2.7 லிட்டர் தேவை எனக் கணக்கிட்டுள்ளது. வெயில் மிகுந்த ஊர்களில் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். அதற்காகத் தாகத்தை மீறிக் குடம் குடமாகக் குடித்தால் பால் பெருகும் என்பதில்லை. குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதே பால் சுரப்பைக் கூட்டுகிறது.

தண்ணீர் குறைக்கும் வழக்கம்

'பச்சை உடம்பு' என்று சொல்லிப் பல வீடுகளில் தண்ணீரை அளந்தே கொடுக்கிறார்கள். வயிறு பெருத்துவிடும், தையல் ஆறாது, குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பன சொல்லப்படும் காரணங்கள். இவற்றுக்கு மருத்துவ அடிப்படை இல்லை. வயிறு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் விரிந்த கருப்பையும் தளர்ந்த தசைகளும்தான். கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆகும். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும். முக்கும்போது தையல் வலிக்கும். வலிக்கு அஞ்சி அடக்கினால் மலம் மேலும் இறுகும். சிறுநீர்த் தொற்றுக்கும் இது இடம் கொடுக்கும்.

தண்ணீரைத் தடுக்கும் பாட்டியும் அக்கறையினால்தான் தடுக்கிறார். அவருடன் வாதாடுவதைவிட, சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த நீரைக் கேட்டு வாங்கிக் குடிப்பது எளிது. அதை அவர் மறுப்பதில்லை.

அறுவைப் பேறு என்றால், எப்போது குடிக்கத் தொடங்கலாம் என்பதை மருத்துவரே சொல்வார்.

பானங்களும் தேர்வும்

சீரக நீர், ஓம நீர், மிளகு ரசம், யாழ்ப்பாணத்துச் சரக்குத் தண்ணி ஆகியவற்றின் முதற்பயன், அவற்றோடு நீர் உள்ளே போவதுதான். பூண்டுப் பாலும் கேழ்வரகுக் கஞ்சியும் சுண்ணாம்புச் சத்தையும் தருகின்றன. காப்பித்தூள் சேர்க்காத சுக்குக் காப்பியில் காஃபீன் கிடையாது. ஆனால் கருப்பட்டியும் சர்க்கரையே என்பதால் நீரிழிவு உள்ளவர் அளவு பார்க்க வேண்டும். 'குளிர்ச்சி' என்று ஒதுக்கப்படும் மோரும் இளநீரும் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை.

தேநீரும் காப்பியும் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. இந்தியாவில் பேற்றுக்குப் பின் 180 நாட்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்படுகிறது. அதைத் தேநீரோடு விழுங்கினால் பெரும்பயன் இல்லை. எலுமிச்சைச் சாறு அருந்துவது நல்லது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீர், காப்பியைத் தவிர்க்க வேண்டும். காஃபீன் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கலாம். இது ஏறக்குறைய இரண்டு சிறு கோப்பை வடிகட்டிய காப்பி. உடம்பு வலிக்கென்று சில இடங்களில் கொடுக்கப்படும் பிராந்தி கூடாது. மது தாய்ப்பாலில் கலப்பதோடு, பால் இறங்குவதையும் தடுக்கிறது.

சிறுநீர் குறைந்து அடர்நிறமாகப் போதல், எரிச்சல், காய்ச்சல், தலைசுற்றல் ஆகியவை கண்டால் கசாயத்தை நம்பிக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மேற்சொன்னவை தாய்க்கு மட்டுமே உரியவை. குழந்தைக்கு ஆறு மாதம் முடியும்வரை, கோடையிலும்கூட, தாய்ப்பாலே போதும். சர்க்கரைத் தண்ணீரோ ஓம நீரோ கொடுக்கக் கூடாது.