இணையத்தில் இலவசம், இல்லத்தில் இல்லை: பாடநூலுக்கு மாற்றாகுமா மின்நூல்?

புது தில்லி: 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளில் கல்வியாண்டு தொடங்கியபோது, 6-ஆம் வகுப்பு மாணவர்களுக்குப் புதிய பாடநூல்கள் கிடைக்கவில்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் கவுன்சில் (என்.சி.இ.ஆர்.டி.) தயாரித்த அந்நூல்கள் ஜூலையில்தான் வரத் தொடங்கின. அச்சு தாமதமாகும்போதெல்லாம் இணையமே மாற்று என்ற குரல் எழுகிறது. அது எந்த அளவுக்குச் சாத்தியம்?

வளங்களுக்குப் பஞ்சமில்லை. 1 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான பாடநூல்களை என்.சி.இ.ஆர்.டி. தனது இணையதளத்தில் கட்டணமின்றி வழங்குகிறது. 2017-இல் தொடங்கப்பட்ட 'தீக்ஷா' தளத்தில் காணொலிப் பாடங்களும் பயிற்சிகளும் உள்ளன. பாடநூலில் அச்சிடப்பட்ட கியூ.ஆர். குறியீட்டைச் செல்பேசியால் படமெடுத்தால் உரிய பாடம் திரையில் விரியும்.

ஆனால், மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25 கணக்கெடுப்பின்படி, இணைய வசதியுள்ள பள்ளிகள் 63.5 சதவீதம் மட்டுமே. ஏறத்தாழ மூன்றில் ஒரு பள்ளிக்கு அவ்வசதி எட்டவில்லை. வீட்டில் ஒரே செல்பேசி. அதுவும் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிட்டால், பிள்ளைக்கு மின்நூல் இருந்தும் இல்லாததே.

அச்சு நூலுக்கு அரசின் பொறுப்பு உண்டு. 'சமக்ர சிக்ஷா' திட்டத்தில், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் தொடக்கநிலை மாணவருக்கு ரூ.250, உயர் தொடக்கநிலை மாணவருக்கு ரூ.400 வரை பாடநூலுக்கென ஒதுக்கப்படுகிறது. 8-ஆம் வகுப்போடு அது நின்றுவிடுகிறது. அதற்கு மேல், மாநில அரசு தன் செலவில் வழங்கினாலன்றி, பெற்றோரே வாங்க வேண்டும். இணைய நூல்கள் மிகுதியும் துணைபுரியக்கூடியது இவர்களுக்கே.

இலவசம் வேறு, உரிமை வேறு. என்.சி.இ.ஆர்.டி. நூல்களைப் பதிவிறக்கிப் படிக்கலாம். அனுமதியின்றி மறுபதிப்பிட முடியாது. பதிப்புரிமையை மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என அந்நிறுவனம் 2024-இல் எச்சரித்தது. அதேவேளையில், 2013-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திறந்தநிலைக் கல்வி வளக் களஞ்சியம் எவரும் எடுத்தாளவும் மொழிபெயர்க்கவும் இடமளித்தது. பாடநூல்களுக்கும் அவ்வுரிமை கிடைத்தால், தமிழிலோ சந்தாலியிலோ அவற்றைக் கொண்டுவரத் தில்லியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மற்றோர் அச்சமும் உண்டு. பாடச்சுமைக் குறைப்பு என்ற பெயரில், 2002 குஜராத் கலவரம், முகலாய அரசவை குறித்த பகுதிகள் பாடநூல்களிலிருந்து நீக்கப்பட்டன. 2023-இல் இது பெரும் சர்ச்சையானது. அச்சிட்ட பழைய நூல் வீட்டில் இருக்கும். இணையத்திலுள்ள நூலோ மாற்றப்பட்ட சுவடே தெரியாமல் மாறிவிடும்.

மின்நூல் வரட்டும், ஆனால், ஏழை மாணவரின் கையிலுள்ள அச்சு நூலைப் பறித்துக்கொள்ள அது சாக்காகிவிடக் கூடாது.