கடதாசி ஆலைக்கு யூரியா, இறால் குளத்துக்குச் சீனி

பாலாவியில் உப்பு விளைய எது காரணமோ, அதுவே அங்கே கழிவுநீரை விடக்கூடாது என்பதற்கும் காரணம். புத்தளம் களப்பு வடக்கே, கற்பிட்டிக்கு அப்பால்தான் கடலோடு சேர்கிறது. பாலாவி தெற்குக் கோடி. கடல்நீர் இங்கே வந்து அலசிவிட்டுப் போவது குறைவு. வெயில் நீரைக் கொண்டுபோகிறது, கரைந்திருந்ததெல்லாம் தங்கிவிடுகிறது. உப்பளக்காரருக்கு இந்தத் தேக்கம் வரவு. பெரிய நீரில் சிறிய கழிவு கரைந்துவிடும் என்று நம்பும் இறால் பண்ணைக்கு இது தோதான இடமல்ல. புத்தளம் மாவட்டத்தின் இறால் பண்ணைகள் பலவும் ஒல்லாந்தர் கால்வாயிலேயே நீரை இறைத்து, அதற்குள்ளேயே திறந்துவிட்டன. 1996இல் இறாலுக்கு வெண்புள்ளி என்னும் வைரசு நோய் வந்தபோது, ஒருவர் வடித்ததை அடுத்தவர் இறைக்கும் அந்த நீர்வழி நோய்க்கு வசதியாயிற்று.

அந்த நீரில் என்னதான் இருக்கிறது? இறால் தீனியில் ஏறக்குறைய 35 வீதம் புரதம், புரதத்தில் 16 வீதம் நைதரசன்; ஆக 1 கிலோ தீனியில் 56 கிராம் நைதரசன். இறாலின் உடம்பில் சேர்வது கால்வாசிதான். மிச்சம் எச்சமாகவும் தின்னாத தீனியாகவும் நீரில் கிடந்து, பெரும்பகுதி அமோனியாவாகிறது. அதைத் தின்னப் பக்றீரியாக்கள் உண்டு. ஆனால் உடம்பு வைக்க அவற்றுக்குக் காபனும் வேண்டும். கடதாசி ஆலையின் கழிவுநீர் இதற்கு நேர் எதிர். வைக்கோலையோ மரத்தையோ அவித்துக் கூழாக்கிய நீரில் காபன் மலிந்து கிடக்கும். நைதரசனும் பொசுபரசும் அருமை. அதனால்தான் அங்கே பக்றீரியாத் தொட்டிக்கு யூரியாவும் பொசுபோரிக் அமிலமும் போடுகிறார்கள். இறால் குளத்துக்குச் சீனி போட வேண்டும். இஸ்ரேலிய ஆய்வாளர் யோரம் அவ்னிமெலக் 1999இல் வெளியிட்ட கணக்குப்படி, 1 கிராம் அமோனியா நைதரசனைப் பக்றீரியா உடம்பாக மாற்ற 20 கிராம் மாப்பொருள் தேவை. கரும்பாலைக் கழிவுப்பாகை ஊற்றிக் காற்றூட்டினால் பழுப்புத் துணுக்குகள் திரளும்; இறால் அதையும் மேயும்.

கண்டல் காடு இதைச் சும்மாவே செய்யாதா என்று கேட்கலாம். செய்யும், ஆனால் எவ்வளவு காடு? 1 ஹெக்டேர் குளத்தின் கழிவை வாங்க, இறால் அடர்த்தியைப் பொறுத்து, 2 முதல் 22 ஹெக்டேர் கண்டல் வேண்டும் என்கிறது 1995இல் வெளியான ஒரு மதிப்பீடு. கண்டலை வெட்டிக் குளம் தோண்டிய கரையில் இந்தக் கணக்கு எப்படி நேராகும்? பாகு முறைக்கும் ஓர் எதிர்வாதம் உண்டு, அது வலுவானது: திரண்ட பக்றீரியாவும் மூச்சுவிடும், இரவில் மின்சாரம் போய்க் காற்றூட்டி நின்றால் ஒட்சிசன் தீர்ந்து இறால் செத்து மிதக்கும். சிறு பண்ணைக்காரருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை. அவர்களுக்கு ஏற்றது, வடித்த நீரைத் தேக்கிவைக்கும் ஒரு குளம். சேறு படியும், களப்பில் தானாக வளரும் கஞ்சிப்பாசியை அதில் விட்டால் அமோனியாவை அது உறிஞ்சும், நண்டு புகாமல் காத்தால், தாங்கும் உயிர் கிடைக்காத வைரசு சில நாட்களில் வீரியம் இழக்கும். அதற்கு நிலம் ஏது என்பார்கள். ஒரு பண்ணைக்கு இல்லைதான். ஒரே கரையில் உள்ள பத்துப் பண்ணைக்குச் சேர்ந்து இருக்கும். எந்த மாதம் எந்த வலயத்தில் குஞ்சு விடுவது என்ற அட்டவணைக்கு அவர்கள் ஏற்கெனவே கட்டுப்படுகிறார்கள். யார் என்றைக்கு நீரை வடிப்பது என்ற பத்தியையும் அதிலேயே சேர்க்கலாம்.