டூருக்கு யார் வரணும்னு டிக்கெட் முடிவு பண்ணுதா?

சம்மர் லீவு வந்தா வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல முதல்ல வர்ற கேள்வி, "எங்க போலாம்?" ரெண்டாவது கேள்வி, "ஆளுக்கு எவ்வளவு ஆகும்?" இன்னைக்கு அந்த ரெண்டாவது கேள்வியைப் பற்றித்தான் பேசப்போறோம். தீம் பார்க்கில் எவ்வளவு வாங்குறாங்கங்கிறதோட, எந்த இடத்தில் வாங்குறாங்கங்கிறதும் முக்கியம். அதை வச்சுத்தான் குடும்பத்தில் யார் வண்டியில ஏறுவாங்க, யார் வீட்டிலேயே இருப்பாங்கன்னு முடிவாகுது.

முதல்ல நம்ம சேலம் பொருட்காட்சியை எடுத்துக்கலாம். ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டிப் போடுவாங்களே, அதுதான். நுழைவுக் கட்டணம் சின்னது. உள்ளே போனா ராட்டினத்துக்குத் தனிக் காசு, கொலம்பஸ் கப்பலுக்குத் தனிக் காசு, டெல்லி அப்பளத்துக்குத் தனிக் காசு. அம்மாயி எதிலயும் ஏற மாட்டாங்க. அவங்களுக்கு ஆகிற செலவு நுழைவுச் சீட்டும் கொஞ்சம் தீனியும்தான். கையில பணம் குறைஞ்சா ரெண்டு ரைடோட நிறுத்திட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்.

தீம் பார்க் இதுக்கு நேர் எதிர். சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர்ல பெங்களூரு. அங்க பிடதி பக்கத்தில் 2005-ல் வொண்டர்லா திறந்தாங்க. கோவை பக்கம் போனா மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். 2025 டிசம்பரில் சென்னையை ஒட்டி திருப்போரூர் பக்கமும் ஒரு வொண்டர்லா வந்தாச்சு. இங்கெல்லாம் பெரும்பாலான ரைடுகளுக்கும் சேர்த்து கேட்டிலேயே மொத்தமா வாங்கிடுவாங்க.

ஒரு கணக்கு போடுவோம். பெரியவங்களுக்கு 1,200, பிள்ளைங்களுக்கு 1,000-ன்னு வச்சுக்கலாம். அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைங்க, அம்மாயி. மொத்தம் 5,600 ரூபாய். இதுல அம்மாயி நிழல்ல உக்காந்து எல்லாருடைய பையையும் செருப்பையும் பார்த்துக்கிறதுக்கு 1,200! மூத்தவங்களுக்குத் தள்ளுபடி கிடைச்சாலும், ஏறாத ரோலர் கோஸ்டருக்குத்தான் அந்தக் காசு. "எனக்கு முட்டி வலி, நீங்க போய்ட்டு வாங்க"ன்னு அவங்களே சொல்லிடுவாங்க. முட்டி வலி உண்மைதான். டிக்கெட் விலையும் அவங்க காதில் விழுந்திருக்கும்.

இதைப் பொருளாதார நிபுணர்கள் எப்பவோ யோசிச்சிருக்காங்க. 1955-ல் அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் திறந்தப்போ, நம்ம பொருட்காட்சி மாதிரியேதான்: நுழைய ஒரு கட்டணம், ரைடுகளுக்குத் தனி. அப்புறம் கூப்பன் புத்தகம் வந்துச்சு. 1982-ல் அதையும் விட்டுட்டு ஒரே டிக்கெட்டுக்கு மாறினாங்க. நடுவில் 1971-ல் வால்டர் ஓய் என்ற பொருளாதார அறிஞர், டிஸ்னிலேண்டை உதாரணமா வச்சே ஒரு கட்டுரை எழுதினார். வர்ற எல்லாரும் ஒரே மாதிரி ரைடு ஏறுறவங்கன்னா, கேட்டில் அதிகமா வாங்கிட்டு உள்ளே ரைடை மலிவா விடுறதுதான் லாபம். ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தா, கேட் விலை ஏற ஏற, கொஞ்சமா ஏறுறவங்க வராமலே நின்னுடுவாங்க. அந்தக் "கொஞ்சமா ஏறுறவங்க"தான் நம்ம அம்மாயி.

அடுத்தது நேரம். மொத்தமா காசு கட்டிட்டா, கட்டின காசுக்கு ஏறியே ஆகணும்னு தோணும். அதனால விடியக்காலை 3 மணிக்குக் கிளம்பி, கேட் திறக்கும்போது வரிசையில நின்னு, மூடுற வரைக்கும் சுத்திட்டு, ராத்திரியோட ராத்திரியா திரும்புறோம். ஒரு நாள் லீவு ஒரு நாள் வேலை மாதிரி ஆயிடுது.

மூணாவது தேதி. 2016-ல் டிஸ்னி அமெரிக்காவில் கூட்ட நாளுக்கு ஒரு விலை, மத்த நாளுக்கு ஒரு விலைன்னு ஆரம்பிச்சாங்க. இங்கயும் பெரிய பார்க்குகளில் வாரநாள் விலை குறைவு, வார இறுதி விலை அதிகம். ஆனா ஸ்கூல் படிக்கிற பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு லீவு நாள்ல தானே போக முடியும்? நாமக்கல்ல லாரி ஓட்டுறவங்க வீட்டை நினைச்சுப் பாருங்க. லோடு எப்ப இறங்கும், அப்பா எப்ப வருவார்னு தெரியாம எந்தத் தேதிக்கு முன்கூட்டியே புக் பண்றது? தேதியை முன்னாடியே தெரிஞ்சவங்களுக்குத்தான் அந்தச் சலுகை.

தீம் பார்க்கே வேண்டாம்னு சொல்ல வரல. காலேஜ் கேங்கா போனா, எல்லாரும் எல்லாத்திலயும் ஏறுவீங்க. அப்போ ஒரே டிக்கெட் நல்ல லாபம். ஐடி கார்டு காட்டினா தள்ளுபடி இருக்கான்னும் பாருங்க. மூணு தலைமுறையும் சேர்ந்து போறதுன்னா, ஏறுறவங்க மட்டும் காசு கொடுக்கிற இடமா பாருங்க. ஏற்காட்டில் படகுல போறவங்க படகுக்குக் கொடுப்பாங்க. மத்தவங்க கரையில உக்காந்து வறுத்த கடலை சாப்பிடலாம்.

அடுத்த தடவை குரூப்ல "ஆளுக்கு எவ்வளவு?"ன்னு யாராவது கேட்டா, கூடவே இன்னொண்ணும் கேளுங்க: "இந்த விலைக்கு நம்ம வீட்ல யார் வராம போவாங்க?"