உருமாறும் வீரனும் மாறிய விதிகளும்

மனிதன் விலங்காகவும் பறவையாகவும் மாறும் கதைகள் உலகெங்கும் வழங்குகின்றன. தமிழில் விக்கிரமாதித்தன் கதைகள் கூடு விட்டுக் கூடு பாயும் வித்தையைச் சுவையாகக் கூறுகின்றன. கதையில் உருமாற்றம் எளிது. கதை சொல்பவர் நினைத்தால் போதும். விளையாட்டில் அஃது அவ்வளவு எளிதன்று. ஒருவர் உருமாறும்போது உடன் ஆடும் நண்பர்களுக்கும் அது நியாயமாக இருத்தல் வேண்டும். அத்தகைய விதி ஒன்று ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகத் திருத்தி எழுதப்பட்டு வந்துள்ளது. அந்த வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

மேசையில் பிறக்கும் கதை

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டு வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் அதனை உருவாக்கினர். நண்பர்கள் சிலர் மேசையைச் சுற்றி அமர்வர். அவர்களுள் ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்கிறது என்பதைச் சொல்லுவர். செயல் வெற்றி பெறுமா, தோல்வி அடையுமா என்பதைப் பெரும்பாலும் இருபது முகங்கள் கொண்ட பகடை முடிவு செய்யும்.

பாத்திரங்கள் பல வகைப்படும். போர்வீரன் வாள் ஏந்துவான். மந்திரவாதி மந்திரம் ஓதுவான். திருடன் பூட்டைத் திறப்பான். ஒருவரிடம் இல்லாத திறமை மற்றொருவரிடம் இருப்பதால், எல்லாரும் ஒருவரையொருவர் சார்ந்தே கதையில் முன்னேறுவர்.

இவ்வகைகளுள் ஒன்று துரூயிட். பண்டைக் காலத்தில் பிரிட்டன், அயர்லாந்து, கால் ஆகிய நாடுகளில் வாழ்ந்த கெல்டிய மக்களின் குருமார் துரூயிட் எனப்பட்டனர். விளையாட்டு அப்பெயரை எடுத்துக்கொண்டு, இயற்கையின் ஆற்றலால் விலங்காக மாறவல்ல ஒரு பாத்திரத்தைப் படைத்தது. 1976ஆம் ஆண்டில் அஃது ஆடுவோர் ஏற்கத்தக்க வகையாக விதிநூலில் இடம்பெற்றது.

ஒரே பாத்திரம், பல திறமைகள்

1978ஆம் ஆண்டு வெளிவந்த விதிநூலில் உருமாற்றம் மிகவும் அளவாகவே தரப்பட்டது. ஏழாம் படிநிலையை எட்டிய துரூயிட் ஒரு நாளில் மும்முறை மட்டுமே உருமாறலாம். ஊர்வனவாக ஒருமுறை, பறவையாக ஒருமுறை, பாலூட்டியாக ஒருமுறை என அதற்கும் வரையறை இருந்தது.

பின்னர் அவ்வரையறை தளர்ந்தது. 2003ஆம் ஆண்டின் திருத்திய விதிகளின்படி, உருமாறும் துரூயிட்டுக்கு விலங்கின் வலிமையும் விரைவும் உடலுறுதியும் முழுமையாகக் கிடைத்தன. எனவே, மனித உருவில் மெலிந்தவராக இருந்தாலும் குறையில்லை. கரடியாக மாறியவுடன் கரடியின் வலிமை வந்துவிடும். அதனுடன், சிறப்புத்திறன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் விலங்கு உருவிலேயே மந்திரமும் ஓதலாம். துணைக்கு ஒரு விலங்கும் உடன் வரும். இதனால் போர்வீரனின் வேலையையும் மந்திரவாதியின் வேலையையும் துரூயிட் ஒருவரே செய்யலாயினார். போர்வீரனாக ஆடிய நண்பருக்கோ, தம் முறை வரும்போது செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் எஞ்சவில்லை.

நியாயம் வந்தது, சுவை குறைந்தது

இக்குறையை நீக்க 2009ஆம் ஆண்டில் வேறு வழி காணப்பட்டது. துரூயிட் எத்தனை முறை வேண்டுமானாலும் உருமாறலாம். ஆனால், அவருடைய அளவுகள் எவையும் மாறா. ஓநாய் ஆனாலும் கரடி ஆனாலும் எண்கள் அவையே. ஆட்டத்தில் சமநிலை ஏற்பட்டது. ஆயினும், ஓநாய்க்கும் கரடிக்கும் தோற்றத்தைத் தவிர வேறுபாடு மிகவும் குறைந்துபோயிற்று.

2014ஆம் ஆண்டின் விதிகள் உண்மையான விலங்குகளின் அளவுகளை மீண்டும் கொண்டுவந்தன. உருமாறியவர் தம் உயிர்ப்புள்ளிகளுடன் விலங்கின் உயிர்ப்புள்ளிகளையும் பெற்றார். விலங்கின் புள்ளிகள் தீர்ந்தால் மனித உருவுக்குத் திரும்புவார். பழைய சிக்கலும் உடன் திரும்பியது. நிலவுக் குழுவைச் சேர்ந்த துரூயிட் இரண்டாம் படிநிலையிலேயே பழுப்புக் கரடியாக மாறலாம். அக்கரடியின் உயிர்ப்புள்ளிகள் 34. ஓய்வெடுக்கும் முன் இருமுறை உருமாறலாம் என்பதால் 68 புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். அதே படிநிலையில் உள்ள போர்வீரனுக்கு ஏறத்தாழ 20 புள்ளிகளே இருக்கும். முன்னே நின்று காக்க வேண்டிய வீரன் கரடியின் பின்னே நிற்க நேர்ந்தது.

ஆடுவோரின் தீர்ப்பு

2023ஆம் ஆண்டு புதிய வரைவு ஒன்று ஆடுவோரின் கருத்தை அறிவதற்காக வெளியிடப்பட்டது. அதன்படி நூற்றுக்கணக்கான விலங்குகளின் அளவுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நிலவிலங்கு, நீர்விலங்கு, வான்விலங்கு என்னும் மூன்று பொது அச்சுகளே போதும். புதிதாக ஆடுவோர்க்கு இஃது எளிது, சமநிலையும் காக்கப்படும். ஆனால், பலர் இதனை ஏற்கவில்லை. குதிரைக்கும் புலிக்கும் ஒரே அச்சு என்றால், எந்த விலங்காக மாறுவது என்று எண்ணிப் பார்க்கும் இன்பமே போய்விடும் என்பது அவர்கள் குறை. வடிவமைப்பாளர்கள் அக்கருத்துக்குச் செவிசாய்த்து, அந்த அச்சுகளைக் கைவிட்டனர்.

2024ஆம் ஆண்டின் விதிநூல் இரு பக்கத்தின் தேவையையும் இணைக்க முயன்றது. தனித்தனி விலங்குகள் மீண்டும் வந்தன. ஆனால், தொடக்கத்தில் துரூயிட் நான்கு விலங்கு உருவங்களை மட்டும் தேர்ந்து வைத்திருக்கலாம். ஆகவே, ஆட்டத்தின் நடுவே நூலைப் புரட்டிக்கொண்டு பிறரைக் காக்க வைக்கும் நிலை குறைகிறது. விலங்கின் உயிர்ப்புள்ளிகள் இனி அவருக்கு இல்லை. தம் புள்ளிகளையே கொண்டிருப்பார். படிநிலைக்கு ஏற்பச் சிறிதளவு தற்காலிகப் புள்ளிகள் சேரும். நிலவுக் குழுவினர்க்கு அதனினும் மும்மடங்கு கிடைக்கும்.

மற்றொரு மாற்றமும் குறிப்பிடத்தக்கது. 2014ஆம் ஆண்டின் விதிப்படி, பேச இயலாத விலங்காக மாறியவர் பேச முடியாது. நண்பர்கள் கூடித் திட்டமிடும்போது ஓநாயாக மாறியவர் வாய்மூடி அமர்ந்திருக்க வேண்டும். 2024ஆம் ஆண்டின் விதியோ, எவ்வுரு எடுத்தாலும் தம் இயல்பும் நினைவும் பேசும் ஆற்றலும் மாறாமல் இருக்கும் என்கிறது. ஓநாயும் இப்போது தன் தோழருடன் பேசலாம்.

விதி செய்வோர் ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடினர். உருமாறுபவர் விரும்பிய விலங்காக உண்மையிலேயே ஆக முடிகிறதா? அருகில் அமர்ந்திருக்கும் நண்பருக்கும் ஆட்டத்தில் இடம் இருக்கிறதா? ஒரு கேள்வியை மறந்தபோதெல்லாம் விதியை மீண்டும் எழுத நேர்ந்தது.

சிந்தித்து விடை எழுதுக

1. 2003ஆம் ஆண்டின் விதிகளால் போர்வீரனாக ஆடியவர்க்கு நேர்ந்த குறை யாது?
2. 2023ஆம் ஆண்டின் மூன்று அச்சுகளைப் பலர் ஏற்காதது ஏன்? அவற்றால் விளையும் நன்மை ஒன்றையும் கூறுக.
3. நீங்கள் நண்பர்களுடன் ஆடும் விளையாட்டு ஒன்றில் எல்லாருக்கும் நியாயமாக அமையும்படி ஒரு விதியை மாற்றி, அதற்கான காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.