'பவர்ஹவுஸை மூடிடலாமாண்ணா?'

எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் சரி, காலேஜ்ல 'என்விரான்மென்ட்டல் சயின்ஸ்'னு ஒரு பேப்பர் வந்தே தீரும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி ஜெராக்ஸ் நோட்ஸ், மறுநாள் சாயங்காலம் மொத்தமும் மறதி! எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் சுப்ரீம் கோர்ட் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது, நாம இப்படி ஒப்பேத்துறதுக்காக இல்லை பாஸ்.

அந்தப் பேப்பர் நிஜமாவே மண்டையில ஏறணுமா? பக்கத்து ஸ்கூல் ஏழாங்கிளாஸ் வாண்டுகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்க!

சென்னையில இதுக்கு ஒரு சூப்பர் முன்னுதாரணம் இருக்கு. கடல் ஆமைகளைக் காப்பாத்த 1988-ல் மாணவர்களே ஆரம்பிச்ச எஸ்.எஸ்.டி.சி.என். அமைப்பு. ஆமைகள் முட்டையிடும் சீசனில் நீலாங்கரை - பெசன்ட் நகர் கடற்கரையில் ராத்திரி முழுக்க நடப்பாங்க. நூறு முட்டைக்கு மேல இருக்கும் ஒவ்வொரு குழியையும் கண்டுபிடிச்சு, பத்திரமான இடத்துல மறுபடி புதைப்பாங்க. சுமார் ஒன்றரை மாசம் கழிச்சு குஞ்சுகள் வெளியே வரும். கூட நடக்க பொதுமக்களையும் குட்டிப் பசங்களையும் அழைச்சுட்டுப் போவாங்க. தெரு விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து குஞ்சு கடலுக்குப் பதிலா ரோட்டுப் பக்கம் திரும்பும்னு புத்தகத்துல படிக்கிறது வேற... கண்ணால பார்க்கிறது வேற!

இப்போ நம்ம கடலூர் மாவட்டத்துக்கு வருவோம். நெல்லிக்குப்பத்துல சர்க்கரை ஆலை, நெய்வேலியில பழுப்பு நிலக்கரி, கடலோரமா சிப்காட். சொல்லிக்கொடுக்க ஊரே லேப்தான்! செலவு? ஒரு டீ, ஒரு பஜ்ஜி காசு போதும்.

சீப்பு எக்ஸ்பெரிமென்ட்: எண்ணெய் தடவாத தலையில் பிளாஸ்டிக் சீப்பை நல்லா தேய்ச்சு, காகிதத்துல தூவின சாம்பலுக்கு மேல காட்டச் சொல்லுங்க. சாம்பல் தாவி ஒட்டிக்கும். அனல்மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கிற இ.எஸ்.பி. கருவியோட தத்துவம் இதுதான்.

வாசலின் அட்டை: வெள்ளை அட்டைகளில் வாசலின் தடவி மொட்டைமாடி, பஸ் ஸ்டாண்டு, மரத்தடினு கட்டிவிடுங்க. மூணு நாள் கழிச்சு எடுத்து, லென்ஸ் வெச்சு தூசியை எண்ணட்டும். எந்தத் தெருவுல தூசி அதிகம்னு பசங்களே மேப் போடுவாங்க.

தட்டுச் சுரங்கம்: தண்ணீர் நிரப்பி இறுக்கிக் கட்டின பாலிதீன் கவரை ஒரு அகலமான தட்டுல வெச்சு, மேலே மணலைக் கொட்டி அமுக்குங்க. நடுவுல மட்டும் மணலைத் தோண்டினா, கவர் அந்த இடத்துல புடைச்சு மேலே வரும். நெய்வேலியில நிலக்கரிக்கு அடியில இருக்கிற தண்ணியும் இப்படித்தான் அழுத்தத்தோட இருக்கு. மேல் மண்ணை எடுத்தா, கீழே இருக்கிற தண்ணி பீறிட்டுடும். அதான் ராத்திரி பகலா பம்ப் ஓடுது. 'அப்போ எங்க ஊர் கிணத்துல தண்ணி கீழே போறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காக்கா?'னு ஒரு குரல் வரும் பாருங்க... அங்கதான் நிஜ கிளாஸ் ஆரம்பம்!

அடுத்த கேள்வி இன்னும் கஷ்டம். 'அப்போ பவர்ஹவுஸை மூடிடலாமாண்ணா?'

கேட்கிற பையனோட அப்பா சுரங்கத்துல ஷிப்ட் பார்க்கிறவரா இருக்கலாம். 1956-ல் என்.எல்.சி. தொடங்கினதால்தான் அந்த வீட்ல அடுப்பு எரியுது. பக்கத்து பெஞ்சில் இருக்கிற பொண்ணோட குடும்பம் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்ததா இருக்கலாம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வர்ற நேரத்துல நெல் வயலுக்குள்ள பொக்லைன் இறங்கினதை அவ பார்த்திருக்கலாம். ரெண்டு பேருமே நம்ம கிளாஸ்லதான்! 'நிலக்கரி கெட்டது'னு ஒரே வரியில முடிச்சா அந்தப் பையன் வாயை மூடிக்குவான். 'நாட்டுக்குக் கரன்ட் வேணும்ல'னு முடிச்சா அந்தப் பொண்ணு அடுத்த வாரம் வரமாட்டா.

அதனால தீர்ப்பு சொல்லாதீங்க, கணக்கு போட வைங்க. 'இந்த ஃபேன் ஓட கரன்ட் எங்கிருந்து வருது? அதுக்கு யார் என்ன கொடுத்தாங்க? வேற எதுல எடுக்கலாம்?' நெல்லிக்குப்பம் ஆலையில கரும்புச் சக்கையை எரிச்சும் மின்சாரம் எடுக்கிறாங்க. கரும்பு விடுற கார்பன், அது வளரும்போது காத்துல இருந்து எடுத்துக்கிட்டது. பழுப்பு நிலக்கரி விடுறதோ கோடிக்கணக்கான வருஷமா மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்தது. இந்த வித்தியாசம் புரிஞ்சாலே பாதி க்ளைமேட் பாடம் முடிஞ்சது. சக்கையிலயும் புகை வரும், கரும்புக்கும் தண்ணி நிறைய வேணும்ங்கிறதையும் மறைக்காம சொல்லிடுங்க.

ஸ்டார்ட் பண்ண பெருசா பிளான் வேண்டாம். உங்க காலேஜ் என்.எஸ்.எஸ். ஆபீஸரைப் பிடிங்க. நிறைய ஸ்கூல்கள்ல தேசிய பசுமைப் படை இருக்கு. அதுக்குப் பொறுப்பான டீச்சர்கிட்ட மாசம் ரெண்டு சனிக்கிழமை கேளுங்க. ஒரு தடவை போய் மரக்கன்று நட்டு போட்டோ எடுத்துட்டு வர்றதோட நிறுத்திடாதீங்க. பசங்க அடுத்த சனிக்கிழமையும் வாசல்ல நிப்பாங்க... நீங்க வரணும்!