சவேரியார் படத்தில் இல்லாத இருபது தோணிகள்

கிறிஸ்தவச் சமயப் படங்களில் ஈகைக்கென்று ஒரு வார்ப்பு பழகிப்போயிருக்கிறது. குதிரைமேல் அமர்ந்த புனித மார்ட்டின் தம் மேலங்கியை வாளால் கிழித்துப் பாதியைத் தருவார். கீழே நிற்கும் ஏழை கைநீட்டி வாங்குவார். தருபவருக்குப் பெயரும் ஒளிவட்டமும் உண்டு, வாங்குபவருக்கு இரண்டும் இல்லை. இத்தனைக்கும், அன்றிரவு மார்ட்டினின் கனவில் அந்தப் பாதி அங்கியோடு வந்தவர் கிறிஸ்து என்றுதான் கதை சொல்கிறது. நம் முத்துக்குளித்துறையின் சவேரியாரும் இந்த வார்ப்புக்குள் அகப்பட்டார். ஆன்ட்வெர்ப் நகர இயேசு சபைக் கோவிலுக்காக ரூபன்ஸ் 1617-18இல் தீட்டிய ஓவியத்தில் அவர் உயரமான மேடையில் கைநீட்டி நிற்கிறார். கீழே இறந்தவர் எழுகிறார், பார்வையற்றவர் தடவித் தடவி வருகிறார். ஆனால் முத்துக்குளித்துறைக் கரையில் நடந்த அறம் வேறு விதமானது.

1544 ஜூனில் வடுகர் படை தாக்கியபோது, கன்னியாகுமரிப் பக்கத்துப் பரதவர்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் மடிந்தார்கள். மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு சவேரியார் உதவிக்குக் கிளம்பினார். எதிர்காற்று விடவில்லை, துடுப்புப் போட்டும் குமரி முனையை எட்ட முடியாமல் தோணிகள் திரும்பின. பிறகு தப்பி வந்தவர்களை, நடக்க முடியாத முதியவர்களையும் வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்களையும், அவர் கண்டார். ஏழைகள் எல்லாரையும் மணப்பாட்டுக்கு வரச் செய்தார். பணக்காரர்களின் மனம் இரங்கும்படி கடவுளை வேண்டச் சொல்லித் தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். அந்தத் தோணிகளைச் செலுத்தியதும், வந்தவர்களுக்கு இடம் கொடுத்ததும் கரையோர மக்கள். அவர்களிலும் பெரும்பாலோர் வசதியானவர்கள் அல்லர். பின்னாளில் புன்னைக்காயலில் இயேசு சபையின் அண்டிரிக் அடிகளார் ஏழை நோயாளிகளுக்கு மருத்துவமனை அமைத்தபோதும், அது ஊராரின் காணிக்கையால் நடந்தது.

படம் வழிபாட்டுக்கு உரியது, வரலாற்றுப் பாடம் அல்ல என்று மறுக்கலாம். எழுத்தறியாதவருக்கும் இரக்கத்தைக் கற்றுக்கொடுத்தவை இத்தகைய படங்களே. அதை நானும் மதிக்கிறேன். ஆனால் அவை கூடவே இன்னொன்றையும் பழக்கிவிட்டன: ஏழை என்றால் வாங்க மட்டுமே பிறந்தவர் என்ற எண்ணத்தை. படச் சட்டத்துக்குள் ஒரு நாயகர் வேண்டும், அது ஓவியத்தின் இலக்கணம் என்பாரும் உண்டு. நேப்பிள்ஸின் இரக்கச் சபைக்காகக் கரவாஜியோ 1607இல் முடித்த 'இரக்கத்தின் ஏழு செயல்கள்' அதை ஒப்புக்கொள்ளாது. இருண்ட தெருவில் ஒருவர் தண்ணீர் குடிக்கிறார், ஒருவர் பிணத்தைத் தூக்குகிறார், ஒரு மகள் சிறைக்கம்பி வழியே தந்தைக்குப் பாலூட்டுகிறாள். அங்கே தனி நாயகர் இல்லை. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் பக்கத்துக் கோவில் திருவிழாக்களில் நடக்கும் அசனம் என்னும் பொது விருந்தில், அரிசி கொடுத்தவரும் வெறுங்கையோடு வந்தவரும் ஒரே பந்தியில்தான் உட்காருகிறார்கள்.

மணப்பாட்டிலோ புன்னைக்காயலிலோ ஆலயச் சுவருக்கு அடுத்த படம் எழுதச் சொல்லும் பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள்: சவேரியாரை மேடையிலிருந்து இறக்கித் தோணியில் ஏற்றுங்கள், துடுப்புப் போடுகிறவர்களின் முகங்களையும் அவர் முகத்தின் அளவுக்கே வரையச் சொல்லுங்கள்.